சமூக அக்கறை ராப் என்று பட்டியல் போடும்போது பெண்கள் எங்கே போகிறார்கள்?

கேசட்காலம்

கொஞ்ச நாளாகவே எழுத நினைத்தது, நீளமாகத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள். யாராவது "சமூக அக்கறையுள்ள ராப், கேட்க வேண்டிய பாட்டுகள்" என்று பட்டியல் போட்டால் வரிசையாக போலீஸ் அராஜகம், நிறவெறி, வறுமை, சிறை என்றுதான் வரும், பாடியவர்கள் முக்கால்வாசி ஆண்கள். தெருவில் போகும்போது ஒருத்தன் கை வைத்தான், வீட்டில் இருப்பவன் அடிக்கிறான் என்று ஒரு பெண் ராப் செய்தால் அது "பெண்கள் பாட்டு" என்று தனி அலமாரிக்குப் போய்விடும். போலீஸ்காரன் அடித்தால் சமூகப் பிரச்சினை, புருஷன் அடித்தால் குடும்ப விஷயம் என்று ஊர் உலகம் போட்டுவைத்த கோட்டை ரசிகர்களான நாமும் அப்படியே போட்டிருக்கிறோம். ஹிப்-ஹாப் பெண்களை எப்படிக் காட்டுகிறது என்று பேச்சு வந்தாலே எல்லோரும் கெட்ட வார்த்தையையும் குறைந்த உடையையும் எண்ண ஆரம்பிக்கிறார்கள், எனக்கு அதைவிட உறுத்துவது இந்த அலமாரி விஷயம்தான்.

என்.டபிள்யூ.ஏ. என்ற ராப் குழுவை எடுத்துக்கொள்ளுங்கள். 1988இல் போலீஸை நேருக்கு நேர் திட்டிப் பாட்டு போட்டவர்கள், சமூக அக்கறைப் பட்டியலில் எப்போதும் இடம் உண்டு, இருக்கட்டும், தகுதியான இடம்தான். 1991 ஜனவரியில் அந்தக் குழுவின் டாக்டர் ட்ரே, டீ பார்ன்ஸ் என்ற டிவி தொகுப்பாளினியை ஒரு பார்ட்டியில் வைத்து அடித்தார். வழக்கு நடந்தது, அவர் குற்றச்சாட்டை எதிர்த்து வாதாடவில்லை. 2015இல் குழுவின் கதை சினிமாவாக வந்தபோது இந்தச் சம்பவம் மட்டும் காணோம். போலீஸ் வாங்கிய திட்டு படம் முழுக்க இருந்தது. அந்தப் படத்தை ஒட்டிக் கிளம்பிய பேச்சுக்குப் பிறகுதான், தான் காயப்படுத்திய பெண்களிடம் ட்ரே பொதுவெளியில் மன்னிப்புக் கேட்டார். கிட்டத்தட்ட கால் நூற்றாண்டு கழித்து.

இத்தனைக்கும் ஹிப்-ஹாப்பின் பிறந்தநாள் என்று கொண்டாடும் 1973 ஆகஸ்ட் 11 பார்ட்டி இருக்கிறதே, நியூயார்க்கின் பிராங்ஸில், 1520 செட்ஜ்விக் அவென்யூ கட்டடத்தில், டிஜே கூல் ஹெர்க் இசைத்தட்டு சுழற்றிய அதே பார்ட்டி, அதை ஏற்பாடு செய்தவர் அவருடைய தங்கை சிண்டி கேம்பல். பள்ளிக்கூடம் திறப்பதற்குள் புதுத்துணி வாங்கக் காசு சேர்க்க வேண்டும், அவ்வளவுதான் நோக்கம். 1982இல் வந்த 'தி மெசேஜ்' பாட்டு, சமூக அக்கறை ராப்புக்கே பிள்ளையார் சுழி என்கிறோமே, அதில் கிராண்ட்மாஸ்டர் ஃப்ளாஷ் குழுவுக்குப் பெரிய ஆர்வம் இல்லை, ஆட வருகிறவனுக்கு இந்தச் சோகம் எதற்கு என்று இழுத்தடித்தார்கள். இதைப் பதிவு செய்தே ஆக வேண்டும் என்று விடாப்பிடியாக நின்றவர் ரெக்கார்டு கம்பெனி முதலாளி சில்வியா ராபின்சன். குழுவிலிருந்து மெல்லி மெல் ஒருவர்தான் கடைசியில் ராப் செய்தார், கூட எழுதியவர் டியூக் பூட்டி. அந்தப் பாட்டைப் புகழ்கிற எத்தனை பேர் சில்வியா பெயரைச் சொல்கிறார்கள்?

பீட்பைத்தியம்

அண்ணே, பாதி ஒத்துக்கொள்கிறேன், பாதி இல்லை. ராப்பர் டூபாக்கை விட்டுவிட்டீர்களே? 'பிரெண்டாஸ் காட் எ பேபி' 1991, பன்னிரண்டு வயதுப் பெண்குழந்தை கர்ப்பமாகி ஆதரவில்லாமல் நிற்கிற கதை. 'கீப் யா ஹெட் அப்' 1993, கறுப்பினப் பெண்களுக்கு ஆறுதலாக ஒரு ஆண் எழுதியது, அதன் வீடியோவே லடாஷா ஹார்லின்ஸ் நினைவுக்குத்தான், 1991இல் லாஸ் ஏஞ்சலிஸ் கடையில் சுட்டுக் கொல்லப்பட்ட பதினைந்து வயதுப் பெண். ஆண்கள் பேசவே இல்லை என்பது நியாயமா?

அப்புறம் ராப்பில் வருகிற "நான்" பெரும்பாலும் ஒரு பாத்திரம். வில்லன் நடிகரைத் தெருவில் பார்த்து யாரும் அடிப்பதில்லை. ராக் பாட்டில் பெண்களைப் பற்றி எழுதாததையா ராப்பில் எழுதிவிட்டார்கள்? ஆனால் கோர்ட்டுக்கு இழுக்கப்பட்டது யார்? 2 லைவ் க்ரூ என்ற ராப் குழு. 1990இல் ஃப்ளோரிடாவில் ஒரு கூட்டாட்சி நீதிபதி அவர்களுடைய ஆல்பத்தை ஆபாசம் என்று தீர்ப்பு எழுதினார், அதை விற்ற கடைக்காரரைக் கைது செய்தார்கள், மேடையில் பாடியதற்காகக் குழுவையும் கைது செய்தார்கள். பெண்களுக்காக என்று நீங்கள் எடுக்கிற கம்பு கடைசியில் போலீஸ் கைக்குத்தான் போகும்.

ஓரக்கண்

பீட், அந்த வழக்கைப் பற்றி நீங்கள் சொன்னதில் ஒரு ஆளை விட்டுவிட்டீர்கள். கிம்பர்லே கிரென்ஷா, கறுப்பினப் பெண், சட்டப் பேராசிரியர். அந்தச் சமயத்திலேயே எழுதினார்: இவர்கள்மேல் மட்டும் வழக்குப் பாய்ந்ததில் நிறவெறி இருக்கிறது, அது உண்மை, அந்தப் பாட்டுகள் கறுப்பினப் பெண்களை இழிவுபடுத்துகின்றன, அதுவும் உண்மை, ஒன்றைச் சொல்வதற்காக இன்னொன்றை நான் ஏன் விழுங்க வேண்டும் என்று. இதெல்லாம் பாரம்பரியக் கேலி, மிகைப்படுத்தல் என்று பெரிய பேராசிரியர்களே கோர்ட்டில் சாட்சி சொன்னார்கள். சரி, கேலிதான், ஆனால் யாரை வைத்து? 1992இல் மேல்முறையீட்டில் அந்தத் தீர்ப்பு ரத்தானது, நல்லது. தடை வேண்டாம் என்பது வேறு, வாயை மூடிக்கொண்டு ரசி என்பது வேறு.

கோர்ட்டே தேவையில்லாத ஒரு வழி ராப்புக்குள்ளேயே இருக்கிறது என்பதுதான் என் கட்சி. பதில் பாட்டு. 1984இல் யூ.டி.எஃப்.ஓ. என்ற குழு 'ராக்ஸான், ராக்ஸான்' என்று ஒரு பாட்டு விட்டது. ராக்ஸான் என்ற பெண் இவர்களைக் கண்டுகொள்ளாமல் போகிறாள், அவளைக் கவர ஆளாளுக்கு முயற்சி செய்து, நடக்கவில்லை என்றதும் திமிர் பிடித்தவள் என்கிறார்கள். உடனே நியூயார்க்கின் குயின்ஸ்பிரிட்ஜில் இருந்து பதினான்கு வயதுப் பெண் ஒருத்தி, ராக்ஸான் ஷான்டே, அந்தப் பாட்டில் வருகிறவள் நான்தான் என்பது போல அதே தாளத்தில் ஒவ்வொருவனையும் தனித்தனியாக வாங்கு வாங்கு என்று வாங்கினாள். துணி துவைக்கப் போகிற வழியில் இசைத் தயாரிப்பாளர் மார்லி மார்ல் வீட்டில் நின்று ஒரே மூச்சில் பாடிவிட்டுப் போனாள் என்பது இன்றைக்கும் சொல்லப்படும் கதை. அதற்கப்புறம் ஆளாளுக்குப் பதில், பதிலுக்குப் பதில் என்று ஒரு சண்டையே நடந்தது.

பெண் ராப்பர் குயின் லதீஃபாவின் 'யூனிட்டி' (1993) பாட்டைக் கேட்காதவர்கள் ஒருமுறை கதையாகக் கேளுங்கள். முதல் பகுதியில் அவள் தெருவில் நடக்கிறாள், ஒரு கூட்டம், பின்னால் இருந்து ஒருத்தன் தொடுகிறான். திரும்பி யார் என்று கேட்கிறாள். கூட்டாளிகள் முன்னால் கெத்து காட்ட அவன் ஒரு வசவை விடுகிறான். அவள் கண்ணிலேயே ஒரு குத்து. இதுவரை எல்லோருக்கும் தெரியும், கைதட்டுவோம். இரண்டாம் பகுதிக்கு யாரும் கைதட்டுவதில்லை. அங்கே அடிக்கிறவன் வீட்டுக்குள் இருக்கிறான். அவள் பொறுத்துப் பொறுத்துப் பார்த்து வெளியேற முடிவெடுக்கிறாள், பயத்தோடுதான், தெருவில் குத்துவிட்ட அதே வேகம் அங்கே இல்லை. மூன்றாவதில் ரவுடிகளைப் பார்த்து ரவுடி வேஷம் கட்டுகிற ஒரு சின்னப் பெண்ணைக் கேள்வி கேட்கிறார். தெரு, வீடு, தன் இனத்துப் பெண், மூன்றையும் ஒரே பாட்டில் வைத்திருக்கிறார். அதற்கு 1995இல் கிராமி கொடுத்தார்கள். கேசட்காலம் சொல்லும் பட்டியல்களில் இதை நான் பார்த்தது அபூர்வம்.

டூபாக்: அந்தப் பாட்டுகளை நானும் கேட்பேன், மனசு கனக்கும். 1994இல் பாலியல் அத்துமீறல் வழக்கில் நடுவர் குழு அவரைக் குற்றவாளி என்றது, அவர் மறுத்துக்கொண்டேதான் இருந்தார். இரண்டையும் சேர்த்துத்தான் பேச முடியும், அவ்வளவுதான்.

கணக்குப்பிள்ளை

எல்லோரும் கவிதை பேசுகிறீர்கள், நான் காசு பேசுகிறேன். 1980களின் கடைசியில் ஒரே சமயத்தில் எம்.சி. லைட், லதீஃபா, சால்ட்-என்-பெப்பா, மோனி லவ் என்று பெண் ராப்பர்கள் எல்லோரும் இருந்தார்கள். பத்துப் பன்னிரண்டு வருடம் கழித்து ரேடியோவைத் திருப்பினால் வகை வகையான பெண் குரல்கள் இல்லை, ஒரு கம்பெனிக்கு ஒரு பெண் ராப்பர் இருந்தால் போதும் என்கிற நிலை. ஆண்கள் திடீரென்று கெட்டுப்போனார்களா? அமெரிக்காவில் 1996இல் தொலைத்தொடர்புச் சட்டத்தை மாற்றினார்கள். அதற்கு முன்பு ஒரு கம்பெனி நாடு முழுக்க 40 ரேடியோ நிலையங்கள் வரைதான் வைத்திருக்கலாம். உச்சவரம்பை எடுத்ததும் கிளியர் சேனல் என்ற ஒரே கம்பெனி 1,200க்கும் மேல் வாங்கிக் குவித்தது. உள்ளூர் டிஜே அவர் ஊர்ப் பெண் ராப்பரின் பாட்டைத் தானாக எடுத்துப் போடுகிற வேலை முடிந்தது, எங்கோ ஓர் அலுவலகத்தில் தயாராகும் பட்டியல்தான் எல்லா ஊரிலும் ஓடும். விற்பது உறுதியான சரக்கு எதுவோ அதையே திரும்பத் திரும்ப. துப்பாக்கி, பணம், ஆடுகிற பெண். வாங்குகிற ரசிகர்களில் வெள்ளைக்காரப் பையன்கள் ஏராளம், கறுப்பினப் பெண்ணைப் பற்றி அவர்கள் மனதில் ஏற்கெனவே இருந்த படத்தையே அச்சடித்துத் திருப்பிக் கொடுத்தார்கள்.

இதை வைத்துப் பாடகர்களுக்கு மன்னிப்பு வழங்க நான் வரவில்லை. கையெழுத்துப் போட்டது அவர்கள்தான். ஆனால் காசுக்கு வலிக்கும்போது விஷயம் நகர்கிறது, அதையும் பாருங்கள். 2013இல் ராப்பர் ரிக் ராஸ் ஒரு பாட்டில், பெண்ணுக்குத் தெரியாமல் மதுவில் போதை மருந்து கலந்து வீட்டுக்குக் கூட்டிப் போனதைப் பெருமையாகச் சொல்லியிருந்தார். போராட்டம் வலுத்ததும் ரீபோக் அவருடைய விளம்பர ஒப்பந்தத்தை முறித்தது. அதுவரை தவறாகப் புரிந்துகொண்டார்கள் என்று மழுப்பியவருக்கு ஒப்பந்தம் போனதும் முழு வருத்தம் வந்துவிட்டது, வருத்தத்துக்கும் வங்கிக்கணக்கு உண்டு போல.

பீட்பைத்தியம்

சரி, பெண்களே பாடினால் எல்லாம் சரியா? பச்சையாகப் பேசும் 'வாப்' (2020) பாட்டு பற்றி ஏன் யாரும் வாய் திறக்கவில்லை? ஆண் பாடினால் இழிவு, கார்டி பியும் மேகன் தீ ஸ்டாலியனும் பாடினால் விடுதலையா?

சாம்பல்பூனை

வரும் என்று தெரியும், காத்துக்கொண்டுதான் இருந்தேன். :)

'வாப்' புரட்சி என்று நான் சொல்லமாட்டேன். அதை விற்றதும் பெரிய கம்பெனிதான். ஆனால் அந்தப் பாட்டில் தனக்கு என்ன வேண்டும் என்று சொல்கிறவள் பெண், 2 லைவ் க்ரூ பாட்டில் அவளுக்கு ஏதாவது வேண்டுமா என்ற கேள்வியே கிடையாது. இந்த வித்தியாசம் சின்னதாகத் தெரிந்தால் ஒன்றும் செய்வதற்கில்லை. பிடிக்கவில்லை என்றால் கேட்காதீர்கள், எனக்கே அலுத்துவிட்டது.

மேகன் பெயரை எடுத்தீர்களே, அதே வருடம் ஜூலையில் அவருக்கு என்ன நடந்தது? காலில் சுடப்பட்டார். ராப்பர் டோரி லேனஸ் சுட்டார் என்று சொன்ன நாளிலிருந்து இரண்டு வருடம் இணையம் முழுக்கக் கிண்டல், மீம், அவள் பொய் சொல்கிறாள் என்று பெரிய பெரிய ராப்பர்களே பாட்டில் குத்தினார்கள். காரணம் கேட்டால் இவள் பாடுகிற பாட்டைப் பார் என்றார்கள். 'வாப்' பாடியவளுக்கு வலிக்காதா? 2022 டிசம்பரில் நடுவர் குழு லேனஸைக் குற்றவாளி என்றது, 2023இல் பத்து வருடம் சிறைத் தண்டனை. நடுவில் 2020 அக்டோபரில் டிவி மேடை ஒன்றில் பாட்டை நிறுத்தி, கறுப்பினப் பெண்களைக் காப்பாற்றுங்கள் என்று மேகன் பேசினார், போலீஸ் வீடு புகுந்து சுட்டுக் கொன்ற பிரியோனா டெய்லர் வழக்கில் கென்டக்கி அட்டர்னி ஜெனரல் செய்ததை அதே மேடையில் கண்டித்தார். போலீஸும் உண்டு, கூட இருந்தவன் சுட்டதும் உண்டு. கேசட்காலம் அண்ணன் சொல்கிற கோடு மேகனிடம் இல்லை. இதைச் சமூக அக்கறை ராப் என்று யாராவது பட்டியலில் சேர்த்தார்களா? இடுப்பு ஆடியது, அதனால் சேர்க்கமாட்டார்கள்.

தாளம்தட்டி

யாரும் தொடாத ஒரு இடம் இருக்கிறது, அறிவுரை ராப். திட்டுகிற ராப்பைவிட எனக்கு இதுதான் எரிச்சல். பெண்ணே இப்படி உடுத்தாதே, குடிக்காதே, உன்னை நீயே மலிவாக்காதே என்று ஒரு ஆண் மூன்று நிமிடம் புத்தி சொல்லிவிட்டு அதைச் சமூக அக்கறைக் கணக்கில் எழுதிக்கொள்வது. தமிழில் ஹிப்ஹாப் தமிழாவின் 'கிளப்புல மப்புல' எப்படி ஓடியது என்று எல்லோருக்கும் தெரியும், குடிக்கிற பெண்தான் அதில் கலாச்சாரச் சீரழிவு, பக்கத்தில் குடிக்கிறவனைப் பற்றிப் பேச்சில்லை. அமெரிக்க "கான்ஷியஸ்" ராப்பிலும், அதாவது அங்கே சமூக அக்கறை ராப் என்று சொல்வதிலும், இந்த வியாதி நிறைய. ராணி என்று தூக்கி வைப்பான், ராணி மாதிரி நடந்துகொள்ளாவிட்டால் இறக்கிவிடுவான். ஒரு பக்கம் ராணி, இன்னொரு பக்கம் கேவலமானவள், நடுவில் வேலைக்குப் போய் அலுத்து வருகிற சாதாரணப் பெண்ணுக்கு வரி கிடையாது.

பாடகி, ராப்பர் லாரின் ஹில்மீதும் இந்தக் குறை சொல்வார்கள். 'டூ வாப்' பாட்டில் முதல் பாதி பெண்களுக்கு அறிவுரை. ஆனால் அடுத்த பாதியில் ஆண்களையும் அதே தராசில் நிறுத்துகிறாரே, அதனால் நான் விட்டுவிடுகிறேன். 1999 கிராமியில் அந்தப் பாட்டு இருந்த ஆல்பம் அந்த வருடத்தின் சிறந்த ஆல்பமாகத் தேர்வானது, ஹிப்-ஹாப்புக்கு அந்த இடம் கிடைத்தது அதுதான் முதல்முறை. வாங்கிக் கொடுத்தது ஒரு பெண்.

கேசட்காலம்

எதிர்பார்த்ததைவிட நல்ல பேச்சு, நன்றி. இரண்டு வீடியோவைப் பக்கத்தில் பக்கத்தில் வைக்க ஆசை.

ஒன்று ராப்பர் நெல்லியின் 'டிப் டிரில்', 2003. அதில் ஒரு ஆள் கிரெடிட் கார்டை எடுத்து ஒரு பெண்ணின் பின்புறத்தில் தேய்க்கிறான், கடையில் மெஷினில் தேய்ப்பது போல. 2004இல் அவருடைய அறக்கட்டளை எலும்பு மஜ்ஜை தானத்துக்கு ஆள் சேர்க்க அட்லான்டாவின் ஸ்பெல்மன் கல்லூரிக்கு, அதாவது கறுப்பினப் பெண்கள் படிக்கும் கல்லூரிக்கு, வருவதாக இருந்தது, அவருடைய அக்காவுக்கே ரத்தப் புற்றுநோய். மாணவிகள், தானம் நல்ல விஷயம், ஆனால் அந்த வீடியோ பற்றி எங்களோடு உட்கார்ந்து பேச வேண்டும் என்றார்கள். நிகழ்ச்சி ரத்தானது. நல்ல காரியத்தைக் கெடுத்துவிட்டார்கள் என்று மாணவிகளைத்தான் பலர் திட்டினார்கள். எங்கள் மஜ்ஜை வேண்டும், எங்கள் கேள்வி மட்டும் வேண்டாமா என்றுதான் எனக்குக் கேட்கத் தோன்றுகிறது.

இன்னொன்று சோனிடா அலிசாதே, ஆப்கானிஸ்தானில் பிறந்து ஈரானில் அகதியாக வளர்ந்த பெண். அண்ணன் கல்யாணத்துக்கு மணப்பெண் விலை கொடுக்கப் பணம் வேண்டும் என்று வீட்டில் இவளை 9,000 டாலருக்குக் கட்டிக்கொடுக்கப் பார்த்தார்கள். 2014இல் ஒரு ராப் வீடியோ வெளியிட்டாள். கல்யாண வெள்ளை உடை, முகத்தில் அடி வாங்கிய தழும்பு, நெற்றியில் பார்கோடு. பெண் தனியாகப் பாடுவதற்கே தடையிருக்கும் நாட்டில் இருந்துகொண்டு செய்தது.

அங்கே கார்டு, இங்கே பார்கோடு. பெண் உடம்பு விலைக்கு என்பதைத்தான் இரண்டு வீடியோவும் சொல்கிறது, ஒன்று வாங்குகிறவன் பக்கத்திலிருந்து சிரித்துக்கொண்டே, மற்றது விலை ஒட்டப்பட்டவள் பக்கத்திலிருந்து. இரண்டையும் செய்ய ராப்பால் முடிகிறது என்பதால்தான் இந்தக் கலையை நான் விடவில்லை.

சாக்பீஸ்

எப்போதும் படித்துவிட்டுப் போகிறவன், இன்று எழுதுகிறேன். பதின்வயதுப் பிள்ளைகளுக்கு ராப் எழுதப் பயிற்சி கொடுக்கிறேன். பையன்கள் எழுதும் முதல் பாட்டு எப்போதுமே ஏமாற்றிய பெண்ணைப் பற்றித்தான், அடித்து வைத்தாற்போல. ஒருத்தன் எழுதினான், மெசேஜ் அனுப்பினேன், நீலக் கோடு விழுந்தது, பார்த்துவிட்டுப் பதில் போடாத திமிர்காரி என்று. எதுகை எல்லாம் பிரமாதம், எல்லோரும் கத்தினார்கள். நான் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த வகுப்பில், அதே பீட், அதே சம்பவம், அவள் குரலில் எழுதுங்கள் என்றேன். அவன் இரண்டு வரிக்குமேல் நகரவில்லை, அவளுக்கு ஒரு காரணம் இருக்கும் என்று அவன் யோசித்ததே இல்லை. வகுப்பில் இருந்த ஒரு பெண் எழுதிக்கொண்டு வந்தாள்: போன் அண்ணன் கையில் இருந்தது, பார்த்தது அவன்தான், நீ அனுப்பிய இதயத்துக்கு அடி வாங்கியது நான். அவ்வளவுதான் பாட்டு. பையன்கள் கத்தவில்லை, ஒருத்தன் மட்டும் "டேய், இது செம" என்றான்.

ஓரக்கண் சொன்ன ராக்ஸான் விஷயம் எனக்கு இத்தனை நாள் தெரியாது, நான் பாட்டுக்கு அதையே செய்துகொண்டிருந்திருக்கிறேன். வகுப்பில் போட்டுக் காட்ட என்ன கொண்டுபோகலாம் என்று சொல்லுங்கள், வசவு குறைவாக இருந்தால் நல்லது, பெற்றோர் பின்னால் உட்கார்ந்திருப்பார்கள்.

ஓரக்கண்

சாக்பீஸ், அந்தப் பெண்ணுக்கு என் சலாம் சொல்லுங்கள்.

சால்ட்-என்-பெப்பா பாலியல் பற்றி வெளிப்படையாகப் பேசுவோம் என்று 1991இல் ஒரு பாட்டுப் போட்டார்கள், மறுவருடம் அதே மெட்டில் வரிகளை மாற்றி எய்ட்ஸ் பற்றி ஒரு வடிவம் விட்டார்கள். எய்ட்ஸ் எப்படிப் பரவும், எப்படிப் பரவாது என்று நேராகச் சொல்லும். பெற்றோர் கொஞ்சம் நெளிவார்கள், நெளியட்டும். பெண் ராப்பர் ராப்சடியின் 'ஈவ்' (2019) முழு ஆல்பமும் எடுக்கலாம், ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரு கறுப்பினப் பெண்ணின் பெயர், நினா, செரீனா, ஓப்ரா என்று. பெயரை மட்டும் சொல்லிவிட்டு யார் இவர் என்று பிள்ளைகளையே தேடச் சொல்லலாம்.

அப்புறம் நம் பக்கத்துச் சங்கிலி ஒன்று. 1992இல் சர் மிக்ஸ்-எ-லாட் பெண்ணின் பின்புறத்தைப் புகழ்ந்து ஒரு பாட்டு. 2014இல் நிக்கி மினாஜ் அதிலிருந்து ஒரு துண்டை வெட்டி எடுத்து 'அனகோண்டா' செய்தார், இந்த முறை பேசுகிறவள் பெண். 2015இல் சென்னை ராப்பர் சோஃபியா அஷ்ரஃப் அந்த 'அனகோண்டா' மெட்டை எடுத்து, கொடைக்கானலில் யூனிலீவரின் தெர்மாமீட்டர் ஆலை விட்டுப்போன பாதரசத்தைப் பற்றி ராப் செய்தார். லட்சக்கணக்கில் பார்த்தார்கள், நிக்கியே பகிர்ந்தார். பதினைந்து வருடம் இழுத்துக்கொண்டிருந்த பிரச்சினையில் 2016இல் 591 முன்னாள் தொழிலாளர்களுடன் கம்பெனி உடன்பாட்டுக்கு வந்தது. தொழிலாளர்கள் வருடக்கணக்காகப் போராடியதுதான் அதற்கு அடிப்படை, பாட்டு அதை எல்லோர் காதிலும் போட்டது. மூன்றையும் வரிசையாகப் போடாதீர்கள், முதல் இரண்டுக்குப் பெற்றோர் எழுந்து போய்விடுவார்கள்.

பீட்பைத்தியம்

மூன்றாவதை முதலில் போட்டுவிட்டு, மெட்டு எங்கிருந்து வந்தது என்று பிள்ளைகள் கேட்டால் மட்டும் சொல்லுங்கள். கட்டாயம் கேட்பார்கள். டூபாக்கை நான் விடுவதாக இல்லை, அதை இன்னொரு இழையில் வைத்துக்கொள்ளலாம். சாக்பீஸ், அந்த நீலக் கோடு பாட்டைப் பதிவு செய்தீர்களா? பீட் வேண்டுமென்றால் நான் போட்டுத் தருகிறேன், இலவசம்.

சாக்பீஸ்

இன்னும் இல்லை. அவளிடம் கேட்டுவிட்டுச் சொல்கிறேன். பெயர் வராமல் பதிவு செய்யலாமா என்று அவளே போன வாரம் கேட்டாள், அண்ணன் கேட்டுவிடக்கூடாதாம்.